தாமதம் என்கிற தீண்டாமை: ரேவன் வில்கின்சனின் பாலே வாழ்க்கை



ஒரு பாலே நடனக்காரரின் வாழ்க்கையைப் பற்றி இந்தப் பக்கத்தில் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்கிற தோழர்கள் இருப்பீர்கள். நியாயமான கேள்விதான். மலக்குழி மரணம், ஆணவக் கொலை, உதவித்தொகை நிறுத்தம் என்று எழுதித் தீராத விசயங்கள் நமக்கு இருக்கின்றன. ஐரோப்பிய அரண்மனைகளில் வளர்ந்த ஒரு நடனத்துக்கும் காலனித் தெருவில் வளர்ந்த நமக்கும் என்ன தொடர்பு?

எங்கள் படிப்பு வட்டத்திலும் முதலில் இதே கேள்விதான் எழுந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அம்பேத்கர் படிப்பகத்தில் எட்டு, ஒன்பது பேர் கூடுவோம். கல்லூரி மாணவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், இரண்டு ஆசிரியர்கள், ஒரு செவிலியர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்ட வரலாற்றைச் சில மாதங்களாக வாசித்து வருகிறோம். அது நமக்கு அந்நியமான வரலாறு கிடையாது. 1946-இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-இல் மராட்டிய இளைஞர்கள் பிளாக் பேந்தர்களைப் பார்த்துத் தலித் பேந்தர் தொடங்கினார்கள். அந்த வாசிப்பில்தான் ரேவன் வில்கின்சன் என்ற பெயர் எங்களிடம் வந்து சேர்ந்தது. அவரைப் பற்றிப் படித்து முடித்தபோது, இதை நடனக் கதை என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. ஒருவருடைய காலத்தை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதன் கதை இது. அதனால்தான் எழுதுகிறோம்.

உடலின் கணக்கு

முதலில் பாலே என்ற தொழிலின் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும்.

எட்டு, பத்து வயதில் பயிற்சி தொடங்குகிறது. எலும்பு ஓரளவு உறுதிப்பட்ட பிறகு, பதினொன்று பன்னிரண்டு வயதில்தான் விரல் நுனியில் நிற்பதற்கான பாயிண்ட் ஷூவைப் போட விடுவார்கள். அந்தக் காலணிக்குள் இரும்போ மரமோ இருப்பதாக நாங்கள் நினைத்திருந்தோம். கிடையாது. துணியையும் காகித அட்டையையும் பசை போட்டு அடுக்கடுக்காக ஒட்டி இறுக்கியதுதான் மொத்த உடலையும் தாங்குகிறது. முதன்மை வேடம் ஆடுகிறவருக்கு ஒரே இரவில் ஒரு ஜோடி நைந்துபோகும்.

பதினேழு, பதினெட்டு வயதில் ஒரு நடனக் குழுவில் இடம் கிடைத்தாக வேண்டும். முதலில் கூட்ட வரிசையில் ஆடுவார்கள். பிறகு தனி ஆட்டம் தருவார்கள். மிகச் சிலர்தான் முதன்மை நடனக்காரர் என்ற உச்சிக்குப் போவார்கள். எந்தப் படியில் இருந்தாலும் தினமும் காலையில் சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி நிமிர்வதிலிருந்து எல்லோரும் தொடங்க வேண்டும். முப்பத்தைந்து வயதைத் தாண்டும்போது மூட்டும் கணுக்காலும் பேச ஆரம்பித்துவிடும். பாரீஸ் ஓப்பரா பாலேவில் ஓய்வு வயதே 42.

கூட்டிப் பாருங்கள். உடலைத் தயாரிக்கப் பத்து ஆண்டு. அதை மேடையில் வைக்கப் பதினைந்து, மிஞ்சினால் இருபது ஆண்டு. ஒரு வழக்கறிஞர் முப்பது வயதில் தொடங்கினாலும் அறுபதில் பெயரெடுக்கலாம். பாலேவில் அது நடக்காது. இந்தத் தொழிலில் ஒருவரைத் தடுக்க "உனக்கு இடமில்லை" என்று சொல்லவே வேண்டாம். "இப்போது வேண்டாம், அடுத்த முறை பார்க்கலாம்" என்றால் போதும்.

இப்படித்தான் ஜேனட் காலின்ஸைத் தடுத்தார்கள். 1917-இல் பிறந்த கறுப்பினப் பெண். பதின்ம வயதில் லாஸ் ஏஞ்சலஸில் புகழ்பெற்ற பாலே குழு ஒன்றின் தேர்வுக்குப் போனார். ஆட்டம் பிடித்திருந்தது. ஆனால் மேடையில் முகத்துக்கு வெள்ளை பூசிக்கொள்ள வேண்டும் என்றார்கள். மறுத்துவிட்டு வெளியே வந்தார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓப்பராவின் மேடையில் முதன்மை நடனக்காரராக அவர் நின்றது 1951-இல். அப்போது அவருக்கு வயது 34. பிறர் இறங்கத் தொடங்கும் வயதில் அவருக்கு ஏற வாய்ப்பு கிடைத்தது. 1954-இல் அங்கிருந்து விலகிவிட்டார். "மெட்ரோபாலிட்டனின் முதல் கறுப்பின முதன்மை நடனக்காரர்" என்று வரலாறு பெருமையாக எழுதுகிறது. நடுவில் போன ஆண்டுகளை யார் கணக்கில் எழுதுவது என்பதுதான் எங்கள் கேள்வி.

மூன்றாம் முறை

ரேவன் வில்கின்சன் 1935-இல் நியூயார்க்கில் பிறந்தார். அப்பா பல் மருத்துவர். ஐந்து வயதில் பாலே ரூஸ் டி மான்டி கார்லோ என்ற குழுவின் ஆட்டத்தைப் பார்த்த நாளிலிருந்து நடனம்தான் அவருக்கு எல்லாம். ஒன்பது வயதில் ரஷ்ய ஆசிரியர்களிடம் கற்கத் தொடங்கினார். பின்னாளில் அந்தப் பள்ளியை அதே பாலே ரூஸ் குழுவே வாங்கியது. ஆகவே அவருடைய ஆட்டம் என்ன தரம் என்பது குழுவுக்குத் தெரியாத விசயம் இல்லை.

1954-இல் தேர்வுக்குப் போனார். எடுக்கவில்லை. மறுபடி போனார். எடுக்கவில்லை. இந்தக் குழு தென் மாநிலங்களுக்கெல்லாம் பேருந்தில் போகிற குழு, உன்னை எடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். மூன்றாம் முறையும் போனார். 1955-இல், இருபது வயதில், ஆறு மாதச் சோதனை என்று சேர்த்துக்கொண்டார்கள். பெரிய செவ்வியல் பாலே குழுவொன்றில் ஒப்பந்தத்தோடு ஆடிய முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவர்தான். இரண்டாம் பருவத்திலேயே தனி ஆட்டம் ஆடுகிறவராக உயர்ந்தார்.

அதே 1955 டிசம்பரில்தான் மோன்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் பேருந்து இருக்கையிலிருந்து எழ மறுத்தார். 381 நாள் அந்த நகரத்துக் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறாமல் நடந்தார்கள். வில்கின்சன் ஏறியிருந்த பேருந்தும் அந்த ஊர் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது.

பாலேவில் கறுப்பினப் பெண்ணை வேண்டாம் என்பதற்கு அன்று சொன்ன காரணம் ஒன்று உண்டு. அதை இன்றும் சிலர் சொல்கிறார்கள். 'அன்னப் பறவை ஏரி' போன்ற ஆட்டங்களில் இருபது, முப்பது பெண்கள் ஒரே வெள்ளை உடையில், ஒரே அசைவில், ஒரே ஆள் போலத் தெரிய வேண்டும். நடுவில் ஒரு கறுப்பு முகம் இருந்தால் ஒழுங்கு கலைந்துவிடும், பார்வையாளர் கண் அங்கேயே போய்விடும். இது இனவெறி இல்லை, அழகியல் என்பார்கள்.

இதைப் படித்ததும் எங்களில் மூன்று பெண்கள் சிரித்துவிட்டார்கள். மூவரும் வேறு வேறு பள்ளியில் படித்தவர்கள். மூவருக்கும் ஆண்டு விழா நினைவு ஒன்றுதான். "கலரா இருக்குற பிள்ளைங்கல்லாம் முன்னாடி வாங்க, மத்தவங்க பின்னாடி நில்லுங்க." ஒருத்திக்கு முழுப் பாட்டுக்கும் அடவு தெரியும். முன்வரிசைப் பிள்ளைகள் மறந்துபோனால் அவளைப் பார்த்துத்தான் ஆடுவார்கள். ஆனாலும் பின்வரிசைதான். அந்தப் பள்ளியிலும் இதற்கு வைத்த பெயர் அழகுதான். சாதி என்று யாரும் சொல்லவில்லை. எந்தக் கண்ணுக்கு அழகு என்று கேட்டால் பதில் வந்துவிடும். அந்தக் கேள்வியைக் கேட்க விடாமல் வைத்திருப்பதற்குத்தான் அழகியல் என்ற சொல் பயன்படுகிறது.

விடுதி வாசலில்

வில்கின்சனின் தோல் வெளிர் நிறம். பார்த்தவுடன் கறுப்பினத்தவர் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடாது. முதல் இரண்டு ஆண்டுகள் தென் மாநிலங்களில் குழுவோடு தங்கவும் ஆடவும் முடிந்தது இதனால்தான். தானாகப் போய் அவர் எதையும் அறிவிக்கவில்லை. ஆனால் நேருக்கு நேர் கேட்டால் மறுக்க மாட்டேன் என்று உறுதியாக இருந்தார்.

1957-இல் அட்லாண்டாவில் அந்தக் கேள்வி வந்தது. தங்கியிருந்த ஹோட்டலில் நேரடியாகவே கேட்டார்கள்: நீங்கள் கறுப்பரா? ஆம் என்றார். குழுவோடு தங்க முடியாமல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, கறுப்பருக்கென்று ஒதுக்கிய விடுதிக்கு அனுப்பப்பட்டார். அந்த நாளிலிருந்து செய்தி பரவிவிட்டது. தென் மாநிலங்களின் பல ஊர்களில் குழு ஆடியது, அவர் ஆடவில்லை.

மோன்ட்கோமரியில் குழு போய் இறங்கிய நேரத்தில் கு க்ளக்ஸ் க்ளான் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஹோட்டல் சாப்பாட்டுக் கூடம் நிறைய குடும்பங்கள். அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று சந்தோசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் பார்த்தால் க்ளானின் வெள்ளை அங்கிகள். வில்கின்சன் இதைப் பின்னாளில் நேர்காணல்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். வெறியர்கள் என்றால் கண் சிவந்து பல்லைக் கடித்துக்கொண்டு வருவார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். குழந்தைக்கு ஊட்டிவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, அங்கியை மாட்டிக்கொண்டும் போவார்கள். நம் ஊரில் குடிசைக்குத் தீ வைத்தவர்களும் அன்று காலை யாருக்கோ நல்ல அப்பாவாக இருந்தவர்கள்தான்.

ஒருமுறை க்ளான் ஆட்கள் மேடைக்கே ஏறி, எங்கே அந்தக் கறுப்பி என்று கேட்டார்கள். நடனக்காரர்கள் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த மௌனத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் குழுவின் முடிவுகளிலும் ஒரு மௌனம் இருந்ததே, அதைப் பற்றி எங்கள் வட்டத்தில் நெடுநேரம் விவாதம் நடந்தது. இவரை ஏற்காத ஊரில் நாங்கள் ஆட மாட்டோம் என்று குழு முடிவெடுக்கவில்லை. சுற்றுப்பயணப் பாதை அப்படியே இருந்தது. மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது வில்கின்சனின் வாழ்க்கை.

இந்த இடத்தில் நமக்கு இன்னொரு விடுதி நினைவுக்கு வந்தாக வேண்டும். 1917, பரோடா. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய அம்பேத்கருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் பதிந்துகொண்டு தங்கினார். பதினோராம் நாள் காலை தடிகளோடு பார்சிக்காரர்கள் வந்து நின்றார்கள். அன்று முழுக்க ஒரு பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். வேலையும் போயிற்று.

அண்ணல் மறைத்தார். வில்கின்சன் மறைக்கவில்லை. இருவரையும் வெளியேதான் தள்ளினார்கள். சென்னையில் அறை தேடிப்போகும்போது "எந்த ஊரு தம்பி? ஊருக்குள்ளயா, காலனியா?" என்று கேட்கும் வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது என்று நம் மாணவர்கள் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்வது வீரம், மறைப்பது கோழைத்தனம் என்று பாடம் எடுக்க எங்களுக்கு விருப்பமில்லை. நாளைக்குத் தேர்வு எழுத வேண்டிய பிள்ளைக்கு இன்று இரவு படுக்க இடம் வேண்டும். எங்களில் ஒரு தம்பி உண்மையைச் சொன்னதால் பதினோரு வீடு ஏறி இறங்கினான். ஒரு தங்கை ஊர்ப் பெயரை மாற்றிச் சொன்னதால் முதல் வீட்டிலேயே அறை கிடைத்தது. ஊரிலிருந்து அம்மா வந்தால் பேச்சில் தெரிந்துவிடுமோ என்று இரண்டு ஆண்டுகள் அம்மாவை வர வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இருவரில் யாரையும் குற்றம் சொல்ல நாங்கள் தயாரில்லை. விசாரிக்க வேண்டியது அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை வீட்டுக்காரருக்கு எங்கிருந்து வந்தது என்பதைத்தான்.

"உன் கலையைத் தேடு"

1961-இல் வில்கின்சன் குழுவிலிருந்து விலகினார். அதற்கு முன் குழுவில் பொறுப்பில் இருந்த ஒருவர் அவருக்கு ஓர் ஆலோசனை சொன்னார்: இங்கே இதற்கு மேல் நீ உயர முடியாது, போய் ஆப்பிரிக்க நடனம் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்று தொடங்கு. ஒன்பது வயதிலிருந்து அவர் கற்றது பாலே. ஆப்பிரிக்க நடனம் அவர் கற்ற கலையே இல்லை. ஆனால் நிறத்தைப் பார்த்ததும் எது 'உன் கலை' என்று முடிவாகிவிட்டது.

இதோடு ஒப்பிட நம் பக்கத்திலேயே ஒரு நிகழ்வு இருக்கிறது. உலகப் புகழ்பெற்ற பாலே கலைஞர் அன்னா பாவ்லோவா 1928-இல் பம்பாய் வந்தபோது ருக்மிணி தேவி அருண்டேல் அவரைச் சந்தித்தார். பாவ்லோவாவின் குழுவிலிருந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார். உன் நாட்டின் நடனத்தைத் தேடு என்று பாவ்லோவாதான் அவரைத் திருப்பிவிட்டார். அதன் விளைவு தெரியும். இசை வேளாளர் பெண்கள் தலைமுறைகளாக ஆடிவந்த சதிரை அவர் கற்றார். 1935-இல் அடையாறில் மேடையேறினார். 1936-இல் கலாக்ஷேத்ரா உருவானது. அந்தப் பெண்களின் கலை கௌரவமான வீடுகளுக்குள் போயிற்று. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் வெளியே நின்றார்கள்.

இரண்டு ஆலோசனையும் ஏறக்குறைய ஒரே சொற்கள். பிராமணப் பெண்ணான ருக்மிணி தேவிக்கு அது இன்னொரு கதவைத் திறந்தது. பாலேவும் கற்கலாம், பிறர் வளர்த்த சதிரையும் எடுக்கலாம். கறுப்பினப் பெண்ணுக்கு அது இருந்த கதவையும் மூடியது.

நம் பிள்ளைகளுக்கும் இந்த ஆலோசனை கிடைக்கிறது. வயலின் கற்க ஆசைப்பட்ட எங்கள் தெருப் பையனிடம், "ஒங்க ரத்தத்துலயே பறை இருக்கே, அத அடிக்கலாமே" என்றார் ஓர் ஆசிரியர், பாராட்டாகத்தான். பறை நம் கலை. சாவுக்கு அடித்த பறையை விடுதலைக்கு அடிக்கிற பறையாக மாற்றியது நம் இயக்கங்களின் சாதனை. எங்கள் படிப்பகத்திலும் பறைப் பயிற்சி நடக்கிறது. ஆனால் பறையை எடுப்பது நம் தேர்வாக இருக்க வேண்டும். வயலினைப் பிடுங்கிக்கொண்டு பறையைக் கையில் கொடுப்பவர் பறையை மதிப்பவர் கிடையாது.

ஆறு ஆண்டுகள்

பாலே ரூஸிலிருந்து விலகியபோது வில்கின்சனுக்கு வயது 26. தரமான பயிற்சி, ஆறு ஆண்டு மேடை அனுபவம், தனி ஆட்டம் ஆடியவர் என்ற பெயர் எல்லாம் இருந்தன. நியூயார்க்கின் பெரிய குழுக்களின் கதவுகளைத் தட்டினார். எங்கும் இடம் கிடைக்கவில்லை. ஒரு கட்டத்தில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு கன்னியர் மடத்தில் சேர்ந்து ஆறு மாதம் இருந்தார். பிறகு திரும்பி வந்து மீண்டும் பயிற்சியைத் தொடங்கினார். சில்வெஸ்டர் கேம்ப்பெல் என்ற கறுப்பின நடனக்காரர் அப்போது நெதர்லாந்தின் தேசிய பாலே குழுவில் இருந்தார். அவர்தான் இங்கே வா என்று அழைத்தார். 1967-இல், 32 வயதில், வில்கின்சன் அந்தக் குழுவில் சேர்ந்தார். ஏழு ஆண்டுகள் அங்கே ஆடினார்.

சொந்த நாட்டில் குடிமை உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்து, 1964-இல் சட்டமும் வந்துவிட்ட காலம் அது. சட்டம் ஹோட்டல் கதவைத் திறந்தது. பாலே குழுக்களின் கதவு அப்போதும் திறக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கதவில் 'கறுப்பருக்கு அனுமதி இல்லை' என்று பலகை எதுவும் கிடையாது. பலகை இல்லாத கதவை எந்தச் சட்டத்தில் வழக்குப் போட்டுத் திறப்பது?

26 முதல் 32 வரை. பாலே உடலில் பலமும் அனுபவமும் ஒன்றாகச் சேரும் ஆண்டுகள் அவை. அவர் எந்த உச்சிக்குப் போயிருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாமல் செய்ததுதான் குற்றம்.

1974-இல் நாடு திரும்பினார். நியூயார்க் சிட்டி ஓப்பராவில் 1985 வரை, ஐம்பது வயது வரை, ஆடினார். பிறகு அதே ஓப்பராவில் சிறு நடிப்பு வேடங்களில் 2011 வரை மேடையில் இருந்தார். 2018 டிசம்பரில் மறைந்தார். ஆடுவதை அவர் விடவில்லை என்பதை நாம் கொண்டாடலாம். ஆனால் அவருடைய மன உறுதியைப் புகழ்ந்து முடித்துக்கொண்டால், தடுத்தவர்கள் தப்பித்துவிடுவார்கள்.

மிட்செல் கொடுத்த பதில்

1955-இல் இன்னொரு கறுப்பினக் கலைஞரும் பெரிய குழுவில் சேர்ந்தார். ஆர்தர் மிட்செல், நியூயார்க் சிட்டி பாலே. அவருக்காகவும் டயானா ஆடம்ஸ் என்ற வெள்ளையினப் பெண்ணுக்காகவும் பாலன்சின் 1957-இல் 'அகோன்' என்ற ஆட்டத்தில் இருவர் நடனம் ஒன்றை அமைத்தார். கறுப்பு ஆணும் வெள்ளைப் பெண்ணும் தொட்டு ஆடுவதா என்று அன்றைய அமெரிக்கா அதிர்ந்தது. மிட்செல் உச்சிக்குப் போனார். ஒரு கறுப்பின ஆணைத் தனியாக நடுவில் நிறுத்த அவர்களால் முடிந்தது. வரிசையில் ஒரு கறுப்பினப் பெண்ணைச் சமமாக நிறுத்த முடியவில்லை. சாதியும் ஆணாதிக்கமும் சேர்ந்து இயங்கும் விதம் தெரிந்த நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். மிட்செல் தான் வளர்ந்த ஹார்லெம் பகுதிக்குத் திரும்பிப் பிள்ளைகளுக்குப் பாலே சொல்லித்தரத் தொடங்கினார். 1969-இல் தன் ஆசிரியர் கேரல் ஷூக்கோடு சேர்ந்து 'டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம்' என்ற பள்ளியையும் குழுவையும் நிறுவினார்.

அங்கே நடந்த ஒரு சிறிய மாற்றத்தைச் சொல்ல வேண்டும். பாலேவில் காலுறையும் காலணியும் இளஞ்சிவப்பு. அது வெள்ளைத் தோலின் நீட்சி. கறுப்புக் காலில் போட்டால் கால் பாதியில் அறுந்தது போலத் தெரியும். ஹார்லெம் குழு 1970-களில் ஒவ்வொரு நடனக்காரரின் தோல் நிறத்துக்கும் ஏற்பக் காலுறைக்கும் காலணிக்கும் சாயம் ஏற்ற ஆரம்பித்தது. மற்ற குழுக்களில் இருந்த கறுப்பினப் பெண்களோ ஒவ்வொரு ஜோடிக்கும் முகப்பூச்சு வாங்கிக் கையால் பூசிக்கொண்டிருந்தார்கள். லண்டனின் 'பாலே பிளாக்' குழுவோடு சேர்ந்து ஃப்ரீட் நிறுவனம் பழுப்பு நிறக் காலணிகளைக் கொண்டுவந்தது 2018-இல்தான். அதுவரை எத்தனை பெண்கள், எத்தனை மாலைகள், எத்தனை ஜோடி! பக்கத்தில் இருந்த வெள்ளையினப் பெண் அந்த நேரத்தில் ஓய்வெடுத்தாள், அல்லது இன்னொரு முறை பயிற்சி செய்தாள். சமமான போட்டி என்று சொல்லும்போது இந்த மணிநேரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

நிறுவனம் கட்டுவது எளிதல்ல. கடன் சுமையில் 2004-இல் ஹார்லெம் குழு ஆட்டத்தை நிறுத்தியது. 2012-இல்தான் மீண்டும் மேடையேறியது. ஆனால் பள்ளியைக் கைவிடவில்லை. ஒரு தலைமுறைக்குப் பயிற்சி அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

பெரிய குழுக்களில் கதவு எவ்வளவு மெதுவாகத் திறந்தது என்பதையும் பாருங்கள். 1990-இல் லாரன் ஆண்டர்சன் ஹூஸ்டன் பாலேவின் முதன்மை நடனக்காரர் ஆனார். 2015 ஜூனில் மிஸ்டி கோப்லேண்ட், அமெரிக்கன் பாலே தியேட்டரின் 75 ஆண்டு வரலாற்றில் முதன்மை நடனக்காரராக உயர்ந்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் ஆனார். வில்கின்சன் பாலே ரூஸில் நுழைந்து 60 ஆண்டு ஆகியிருந்தது. அந்த மாதம் கோப்லேண்ட் நியூயார்க்கில் 'அன்னப் பறவை ஏரி' ஆடி முடித்தபோது, எண்பது வயது வில்கின்சனும் ஆண்டர்சனும் மேடைக்கு வந்து பூங்கொத்து கொடுத்தார்கள். இதற்குப் பிறகும், 2018-இல் பெர்லின் அரசு பாலேவில் சேர்ந்த க்ளோயி லோபஸ் கோமஸ், முகத்துக்கு வெள்ளை பூசச் சொன்னார்கள் என்று 2020-இல் வெளியே வந்து சொல்ல வேண்டியிருந்தது. ஜேனட் காலின்ஸிடம் சொன்ன அதே வெள்ளைப் பூச்சு.

தேதியை எழுதுங்கள்

இனி நம் கணக்குக்கு வருவோம். படிப்புக்கும் ஒரு காலம் இருக்கிறது. அரசு வேலைக்கு வயது வரம்பு இருக்கிறது. ஆய்வுப் படிப்புக்குக் கெடு இருக்கிறது. இங்கேயும் நம் பிள்ளைகளிடம் "இல்லை" என்று யாரும் எழுத்தில் சொல்வதில்லை. ஃபைல் மேலே போயிருக்கிறது, அடுத்த வாரம் வாங்க, நிதி வரவில்லை, நெறியாளர் வெளியூர் போயிருக்கிறார். எங்கள் செவிலியர் அக்கா கல்லூரியில் படித்த நான்கு ஆண்டும் உதவித்தொகை உரிய ஆண்டில் வரவில்லை. கட்டணம் கட்டாமல் தேர்வு எழுத விட மாட்டோம் என்று நிர்வாகம் சொன்னதால் ஒரு பருவம் வீட்டில் இருந்தார். அவர் தம்பி நிரப்பப்படாத பின்னடைவுப் பணியிடத்துக்கு மூன்று ஆண்டு காத்திருந்து வயது வரம்பைத் தாண்டிவிட்டான். இருவரையும் யாரும் சாதி சொல்லித் திட்டவில்லை. வன்கொடுமைச் சட்டத்தில் எந்தப் பிரிவிலும் இது வராது.

ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று எழுதிவைத்த கடிதத்தில், தனக்கு வர வேண்டிய ஏழு மாத உதவித்தொகையைக் குறிப்பிட்டிருந்தார். 1,75,000 ரூபாய். அந்தக் கடிதத்தை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். அந்த ஏழு மாதம் என்ற சொல்லில் இனி நின்று வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறோம். தாமதம் நிர்வாகக் கோளாறு என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள். ஒரே சமூகத்தின் பிள்ளைகளுக்கு, ஒவ்வோர் ஆண்டும், ஒரே இடத்தில் நடக்கும் கோளாறுக்கு வேறு பெயர் இருக்கிறது.

ஆகவே எங்கள் வட்டத்தில் ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். தடித்த அட்டை போட்ட ஒரு நோட்டு. எங்கள் குடியிருப்பில் படிக்கிற, வேலை தேடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். விண்ணப்பித்த தேதி, வர வேண்டிய தேதி, வந்த தேதி, நடுவில் எத்தனை முறை அலைந்தார், அதற்காக எத்தனை நாள் கூலி போனது. இப்போதைக்குப் பத்தொன்பது பக்கம் நிரம்பியிருக்கிறது. இதை வைத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேள்வி போடுகிறோம். மனு கொடுக்கும்போது "மிகவும் சிரமப்படுகிறோம், ஆவன செய்யவும்" என்று எழுதுவதை நிறுத்திவிட்டோம். இத்தனை நாள் தாமதம், இதற்குப் பொறுப்பு யார் என்று எழுதுகிறோம்.

நீங்களும் உங்கள் கல்லூரி விடுதியில், உங்கள் தெருவில் ஒரு நோட்டுப் போடுங்கள். செலவு அறுபது ரூபாய். முதல் பக்கத்தில் உங்கள் பெயரிலிருந்து தொடங்குங்கள். ஆறு மாதம் கழித்து எல்லா நோட்டுகளையும் ஒரே மேசையில் வைத்துக் கூட்டிப் பார்ப்போம்.

ஜெய் பீம்.